மழை ஓய்ந்ததும் செய்ய வேண்டியவை: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் தாழ்வாரச் செடிகளுக்கும்

ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று காலம் பார்த்து விதைக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு குழப்பம் வரும். ஆண்டு முழுவதும் ஒரே பச்சை, ஒரே புழுக்கம். எந்த வேலையை எப்போது செய்தால் என்ன என்று தோன்றும். ஒரு டிசம்பர் முழுக்க இங்கே குடியிருந்து, துணி காயாமல், அலமாரிக்குள் தோல் செருப்பில் பூசணம் பூத்ததைப் பார்த்த பிறகுதான் இந்த ஊருக்கும் பட்டம் உண்டு என்பது புரியும். அந்தப் பட்டம் ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரங்களில் முடிந்துவிடும். வீட்டில் எதையாவது உலர்த்த வேண்டும், ஒட்ட வேண்டும், பூச வேண்டும், தொட்டி மாற்ற வேண்டும் என்றால் இந்த ஐந்தாறு வாரங்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

காரணம் எளிது. ஊரில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும் அதே வடகிழக்குப் பருவக்காற்று இங்கே தென்சீனக் கடல்மேல் வந்து டிசம்பர், ஜனவரியில் பெய்கிறது. பிறகு மழை விலகிக் காற்று மட்டும் நிற்கும். ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரி. மார்ச் பிற்பாதியில் காற்றும் அடங்கி, பிற்பகல் இடிமழை தலைகாட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெக்கை உச்சத்துக்குப் போகும். அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது 2023 மே 13ஆம் தேதி. ஆக, ஈரத்துக்கும் வெக்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதைத்தான் பிடிக்கப் போகிறோம்.

தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. 2025இலோ ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் அந்த மாதத்தின் சராசரி மழைக்கும் மேலாகப் பெய்து தீர்த்தது. தொடர்ந்து மூன்று நான்கு பிற்பகல்கள் மழையில்லாமல் போய், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரை பழுப்படிக்கத் தொடங்கினால் காலம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் ஊரே வீட்டைத் துடைத்துச் சாயம் பூசும். ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கூடுதல். புத்தாண்டுக்குப் பிறகும் சில நாள் கடைகள் மூடியிருக்கும். ஆள் வைத்துச் செய்யும் வேலைகளைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்யக்கூடியவற்றை அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். ஒழிக்க வேண்டிய பழைய பொருள்களையும் அப்போதே பாருங்கள். போகியன்று தெருவில் கொளுத்தும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. பழைய செய்தித்தாள், வேலை செய்கிற மின்சாதனங்களை, வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காருங்குனிக்காரர் எடுத்துக்கொள்வார். மெத்தை, சோபா போன்றவற்றுக்கு நகர மன்றத்தை அழையுங்கள். பெரும்பாலான மன்றங்கள் முன்பதிவு செய்தால் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இலவசமாக அகற்றித் தரும். லிஃப்ட் பக்கத்தில் வைத்துவிட்டு நழுவாதீர்கள்.

முதல் வேலை: ஈரத்தை வெளியேற்றுவது

மழையில்லாத நாளில் விடியலுக்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். இதை மனத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அலமாரிக் கதவுகளைக் காலை பதினொரு மணிக்குத் திறந்து, மாலை நான்கு, ஐந்து மணிக்குள் மூடிவிடுங்கள். விடிய விடியத் திறந்து வைத்தால் பகலில் வெளியேறிய ஈரம் இரவில் திரும்பிவிடும். உள்ளே ஒரு மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்தால் சீக்கிரம் உலரும்.

பட்டுப் புடவைகளை வெளியே எடுத்து, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு பிற்பகல் விரித்துப் போடுங்கள். பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை இந்தத் தட்பவெப்பத்துக்குச் சரிவராது. அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. ஈரத்துக்குக் கால்சியம் குளோரைடு நிரப்பிய உறிஞ்சு பெட்டிகள் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். தண்ணீர் நிரம்பியதும் மாற்ற வேண்டும். பல வீடுகளில் அது நிரம்பி மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டரை (போர்க்காலப் பாதுகாப்பு அறையை) மறக்காதீர்கள். கனத்த கதவு போட்ட, காற்றோட்டம் குறைந்த அந்த அறையில்தான் நாம் அரிசி மூட்டை, பெட்டி, கொலு பொம்மை எல்லாவற்றையும் அடைத்து வைக்கிறோம். இந்தக் காலத்தில் ஒரு நாள் முழுவதையும் வெளியே எடுத்து, சுவரோரம் துடைத்து, பொருள்களைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரமாவது தூக்கி வையுங்கள். அலமாரி மாட்டலாம் என்று அதன் சுவரில் துளை போடும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் இருந்தால் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி, மின்விசிறியை ஓடவிடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ கலக்கவே கூடாது; நச்சுவாயு வரும். மரச்சாமானுக்குப் பிளீச் வேண்டாம், வினிகர் தனியாகப் போதும்.

கூரைக் கறை: வறண்ட வாரங்களே சோதனைச்சாலை

மழைக்காலத்தில் கூரையிலோ சுவரிலோ மஞ்சள் கறை தோன்றியிருந்தால் அவசரப்பட்டுச் சாயம் அடிக்காதீர்கள். பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட நாள்கள் இரண்டு வாரம் போகட்டும். கறை வளராமல் வெளிறி நின்றால் வெளிச்சுவர் வழியாகச் சாரல் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மழையே இல்லாமலும் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் மேல்வீட்டுக் குளியலறையைச் சந்தேகப்படலாம். ஆண்டின் மற்ற மாதங்களில் இந்த இரண்டையும் பிரித்தறிவது லேசில்லை.

மேல்வீட்டுக் கசிவு என்று தெரிந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். வீவக விதிப்படி தரைக்கும் கூரைக்கும் இடையிலான கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவர் பொறுப்பும்தான். இதற்கென்றே செலவில் ஒரு பகுதியை ஏற்கும் நல்லெண்ண உதவித் திட்டம் ஒன்றையும் வீவக வைத்திருக்கிறது. கிளை அலுவலகத்தைக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரருக்குப் படத்தை அனுப்பிவிட்டு விடுங்கள். அது அவர் தலைவலி.

கசிவு நின்றபின் சாயம். சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்திருந்தால் உரிந்த சாயத்தைச் சுரண்டி, சீலர் என்னும் அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு. தாழ்வாரப் பக்கம் இருக்கும் வெளிச்சுவரைத் தொடாதீர்கள், அது நகர மன்றத்தின் கணக்கு. வாடகை வீட்டில் உள்சுவருக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சத்தம் வரும் வேலைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. சுவர் இடிப்பது, டைல் வெட்டுவது, தொடர்ந்து துளையிடுவது போன்றவை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது.

ஜன்னல், ஏர்கான்

பருவக்காற்று ஜன்னல்களைத்தான் அதிகம் ஆட்டிப் பார்த்திருக்கும். பத்தாவது மாடியிலிருந்து ஒரு ஜன்னல் சட்டம் விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பராமரிக்காமல் விட்டு ஜன்னல் விழுந்தால் உரிமையாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவையாவது பார்க்கச் சொல்கிறது கட்டட, கட்டுமான ஆணையம். பார்ப்பது இப்படி: வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் சட்டத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் (ரிவெட்) அலுமினியமா, துருப்பிடிக்காத எஃகா என்று கவனியுங்கள். அலுமினிய ஆணி இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதை ஆணையம் அங்கீகரித்த ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தளர்ந்த திருகுகளை முடுக்குங்கள். நகரும் ஜன்னலில் தடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எண்ணெய் விடுங்கள், இரு முனைகளிலும் தடுப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பை வெளியே நீட்டாமல் செய்ய முடியாத எதையும் நீங்களே செய்யாதீர்கள்.

ஏர்கான் மழை மாதங்களில் அதிகம் ஓடியிருக்காது. வெக்கை தொடங்கியதும் நாள் முழுக்க ஓடப் போகிறது. முன்வலையை இப்போதே கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் நாளில்தான் அந்த ரசீதின் அருமை தெரியும்.

செடிகள்: முதலில் சூரியனைப் பாருங்கள்

செடி வளர்ப்புக் காணொளிகள் எதுவும் சொல்லித் தராத விஷயம் இது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகி இல்லை. அதனால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை சூரியன் நமக்குத் தெற்கே நடக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு செப்டம்பர் வரை வடக்கே போய்விடுகிறது. ஊரிலும் சூரியன் வடக்கே போவது உண்டு. ஆனால் நான்கைந்து மாதங்கள், பத்துப் பதினைந்து பாகைகள்தான். இங்கே ஆறு மாதம், இருபது பாகைக்கும் மேல்.

தாழ்வாரத் தோட்டக்காரருக்கு இதன் பொருள் என்ன? தெற்குப் பார்த்த தாழ்வாரத்தில் டிசம்பர் முழுக்க மழைக்கு இடையே வெயில் காய்ந்த மிளகாய்ச் செடி, ஏப்ரலில் நிழலுக்குள் போய்விடும். பூக்காது, நீண்டு மெலியும். உரம் போதவில்லை என்று நாம் உரத்தைக் கொட்டுவோம். வடக்குப் பார்த்த வீட்டில் நேர்மாறு: இத்தனை மாதம் மென்மையான வெளிச்சத்தில் இருந்த வெற்றிலையும் வல்லாரையும் ஏப்ரலில் திடீரென்று வெயில் பட்டுக் கருகும். கிழக்கு, மேற்குப் பக்கங்களில் இந்தத் தொல்லை குறைவு. கிழக்கில் காலை வெயில் எல்லாச் செடிக்கும் இதம். மேற்கில் மாலை வெயில் கடுமை, தொட்டி மண்ணைச் சுடவைக்கும்.

எனவே தொட்டி வாங்கும் முன் கைப்பேசித் திசைகாட்டியை எடுத்துத் தாழ்வாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். தெற்குப் பார்த்த வீட்டார் இப்போது மிளகாய், வெண்டை தொடங்க வேண்டாம், செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம். வடக்குப் பார்த்த வீட்டாருக்கு இதுதான் முகூர்த்தம். பிப்ரவரியில் விதைத்த நாற்று, வெயில் பக்கம் மாறும்போது தொட்டிக்கு ஏறத் தயாராக இருக்கும்.

விதிகளையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது, எவ்வளவு சின்னதானாலும். தண்ணீர் கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் புகார்கள் வராது.

தொட்டி மாற்றுவது

மூன்று மாத மழை தொட்டி மண்ணிலிருந்த சத்தைக் கரைத்து எடுத்துப் போயிருக்கும், மண்ணும் இறுகியிருக்கும். தாழ்வாரத்தில் தவறாமல் காணப்படும் கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்வோம்.

1. இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருங்கள். மண் சற்று உலர்ந்தால் வேர்க்கட்டு உடையாமல் வரும்.

2. தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்ணோடு எடுங்கள். கறுத்துக் குழைந்த வேர் இருந்தால் அது மழையில் அழுகியது, வெட்டிவிடுங்கள். வெள்ளையும் பழுப்புமாக உறுதியான வேரைத் தொட வேண்டாம்.

3. பழையதைவிட நான்கைந்து செண்டிமீட்டர் அகலமான தொட்டி போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கும்.

4. இரண்டு பங்கு கலவை மண், ஒரு பங்கு மட்கு உரம், ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடிய உதவும் வெள்ளைக் குருணை). தாம்சன் சாலை, ஈசூனின் பா சூன் பா சாலை நாற்றுப்பண்ணைகளில் மூன்றும் கிடைக்கும். ஊரிலிருந்து செடியையோ மண்ணையோ பெட்டியில் போட்டுக் கொண்டு வர நினைக்காதீர்கள். அதற்கு அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள்.

5. நன்றாக நீர் விட்டு, ஒரு வாரம் நேர் வெயில் படாமல் வைத்திருங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு உரம் வேண்டாம்.

6. புதுத்துளிர் வந்தபின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். பூமொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வரும்.

துளசி, பாண்டான் (ரம்பை), கற்பூரவல்லிக்கும் இதே முறைதான். கற்பூரவல்லிக்குப் பெர்லைட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஈரம் ஆகாது.

வறண்ட காற்றில் தொட்டி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காயும். வெக்கை இல்லையே என்று ஏமாற வேண்டாம், காற்றுதான் உறிஞ்சுகிறது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் காலையிலேயே தண்ணீர். இலைக்கடியில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் இந்த வாரங்களில்தான் பெருகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு. வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. சின்னச் செடி என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். பெரிய செடி என்றால் நான் விட்டுவிடுவேன். நாலு கொத்து போனால் போகட்டும்.

புதிதாகத் தொடங்குபவர் கீரையிலிருந்து தொடங்குங்கள். காங்கோங் எனும் வள்ளைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்த நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும். தேக்காச் சந்தையில் வாங்கும் பொன்னாங்கண்ணித் தண்டைச் செருகினாலே வேர்விடும். தக்காளி வேண்டாம். இரவுச் சூட்டில் பூ பூத்துப் பூத்து உதிர்ந்து மனசை உடைக்கும்.

கொசு: வறண்டபோதே வேலையை முடியுங்கள்

மழையில்லாத மாதத்தில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதன் முட்டை தண்ணீர் இல்லாமலேயே ஒன்பது மாதம் வரை உயிரோடு ஒட்டிக் கிடக்கும். தட்டு காய்ந்துவிட்டதே என்று அப்படியே அடுக்கி வைத்தால், ஏப்ரலில் முதல் இடிமழைத் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். டெங்கி இங்கே வழக்கமாகக் கூடுவது மே முதல் அக்டோபர் வரை. அதனால் தொட்டித் தட்டுகளை, வாளி விளிம்புகளை இப்போதே சொரசொரப்பான பஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் மாற்றினால் மட்டும் முட்டை போகாது, தேய்க்க வேண்டும். இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள், மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. துணி காயவைக்கும் கழியைச் செருகும் குழாய்களைப் பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள். பூஜை அறையில் மணிபிளான்ட் வைத்த கண்ணாடிக் குவளை, மூலையில் தூங்கும் பித்தளை உருளி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இருபது காசு அளவு தண்ணீர் போதும் கொசுவுக்கு. சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கொசுப்புழு கண்டால் அபராதம் எழுதுவார்கள்.

வீட்டில் வெயிலே இல்லையென்றால்

சில வீடுகளுக்கு எதிர்ப்புளோக் மறைத்து, எந்த மாதத்திலும் நேர் வெயில் வராது. அங்கே செடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் தோட்டங்கள் இன்று பெரும்பாலான வட்டாரங்களில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் போய் வேலிக்கு வெளியே நின்றால், உள்ளே இருக்கும் மூத்தவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். தனிப் பாத்தி வேண்டுமானால் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் உயர்த்திக் கட்டிய பாத்திகளை மூன்றாண்டுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். கேட்பவர்கள் அதிகம், குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிடைக்கும் வரை பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கப் போகலாம். கைநிறையக் கீரையாவது கொடுத்தனுப்புவார்கள்.